இருபத்து மூன்றாம் நம்பர் கீபோர்டு

சர்வீஸ் அக்காவின் கடையில் எதுவும் செத்துப்போனதாக வரலாறு கிடையாது. மற்ற கடைக்காரர்கள் "இது தேறாதுங்க, புதுசு வாங்கிக்குங்க" என்று கைவிரித்த கம்ப்யூட்டர்கூட அக்கா கையில் வந்தால் நாலு நாளில் எழுந்து உட்கார்ந்துவிடும். கடை என்னவோ பத்தடிக்குப் பன்னிரண்டடிதான். முன்னால் ஒரு மேசை, பின்னால் ஒரு பலகைத் தடுப்பு, தடுப்புக்கு அந்தப் பக்கம் தரையிலிருந்து பரண் வரைக்கும் பழைய சாமான். அக்காவுக்கு எதையும் தூக்கிப்போட மனசு வராது. "ஒரு ஸ்க்ரூவாவது உதவும்" என்பாள். அந்த ஒரு ஸ்க்ரூவுக்காக ஒன்பது மூட்டை சேர்ந்திருந்தது.

புதன்கிழமை காலையில் கடை ஷட்டரைத் தூக்கி முடிக்கவில்லை, தம்பி போனில் பிடித்துக்கொண்டான்.

"அக்கா, நீ ஒரு வார்த்தை சொல்லு. எனக்கு அது போதும்."

விஷயம் இதுதான். தம்பி வெளியூரில் ஒரு கிடங்கில் சூப்பர்வைசர். ஒரே மகள். அவளுக்கு அக்கா இருக்கும் ஊரில் இரண்டு தனியார் கல்லூரிகளில் கம்ப்யூட்டர் பட்டப்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் ஏதாவது ஒன்றில் கையெழுத்துப் போட வேண்டும். பன்னிரண்டு அடித்துவிட்டால் இரண்டும் கைநழுவிப் போய்விடும். ஒன்றில் சேர்ந்துவிட்டு அப்புறம் மாறவும் முடியாது. மூன்று வருஷம் அங்கேதான்.

ஒன்றைக் கண்ணாடிக் கல்லூரி என்பார்கள். வாசலிலிருந்து மொட்டைமாடி வரைக்கும் பளபள கண்ணாடி. இன்னொன்று மாடிக் கல்லூரி. கீழே மருந்துக்கடை, பாத்திரக்கடை. மேலே இரண்டு மாடியில் கல்லூரி. படிக்கட்டில் ஒருவர் இறங்கினால் ஏறுகிறவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். இரண்டும் ஒரே பல்கலைக்கழகத்தின் கீழேதான். பாடமும் ஒன்று, கேள்வித்தாளும் ஒன்று, கடைசியில் கொடுக்கும் பட்டமும் ஒரே தாள், ஒரே முத்திரை. அப்புறம் எது உசத்தி, எது மட்டம் என்று எதை வைத்துச் சொல்வது?

"நீதானே ரெண்டு காலேஜுக்கும் சர்வீஸ் பாக்குற? உனக்குத் தெரியாததா? அதுவும் உன் பையனே கண்ணாடிக் காலேஜ்ல படிச்சு முதல் வகுப்புல பாஸ் பண்ணிருக்கான். என்னைக் கேட்டா அதுலயே சேத்துடலாம்னு இருக்கேன். ஆனா இவ பிடிவாதம் பிடிக்கிறா. நேர்ல பாத்துட்டுத்தான் சொல்லுவாளாம். பஸ் ஏத்தி விட்டுட்டேன். நீயே அவகிட்ட பேசி முடிச்சு வை."

"வரட்டும், வரட்டும்" என்றாள் அக்கா. மனசு குளிர்ந்துவிட்டது. அவள் கல்லூரியில் படித்தவள் இல்லை. பதினேழு வயதில் ஒரு ரிப்பேர் கடையில் தூசி தட்டப் போய், பார்த்துப் பார்த்தே தொழில் கற்றவள். இன்றைக்கு எந்தக் கல்லூரி உசத்தி என்று அவளைக் கேட்கிறார்கள் என்றால் சும்மாவா?

தம்பி மகள் பத்து மணிக்கு வந்து சேர்ந்தாள். பதினெட்டு வயது. கேள்வி கேட்டே ஆளைக் கொல்லும் ரகம். சின்ன வயதில் அவளுக்கு 'ஏன்' என்றே பட்டப்பெயர். வந்தவள் தண்ணீர் குடித்தாள், "அத்தான் எங்க?" என்றாள்.

"இன்டர்வியூவுக்குப் போயிருக்கான். சாயந்திரம் வந்துடுவான்."

"எத்தனாவது இன்டர்வியூ அத்தை?"

"ஏழாவது" என்ற அக்கா உடனே சேர்த்துக்கொண்டாள், "எல்லா இடத்துலயும் கூப்பிடுறோம்னுதான் சொல்லியிருக்காங்க. நேரம் கூடி வரணும்ல."

மகன் பட்டம் வாங்கி ஒன்றரை வருஷம் ஆகிறது. நேரம் இன்னும் கூடி வரவில்லை. பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் வேறு அவனைப் பார்க்கும்போதெல்லாம் "என்ன பட்டதாரி, சௌக்கியமா?" என்பார். அதில் பாதி மரியாதை, பாதி குசும்பு.

பெண்ணுக்குச் சும்மா உட்காரத் தெரியாது. மேசைமேல் கிடந்த நாலைந்து பழைய கீபோர்டைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, இதுல மட்டும் ஏன் இந்தப் பக்கத்து நம்பரெல்லாம் அழிஞ்சிருக்கு?"

"அது மொத்த வியாபாரக் கடை கீபோர்டு. நாள் பூரா பில்லுதானே. அதனால நம்பர் தேஞ்சிருக்கு."

"அப்போ இது?"

"நீயே சொல்லேன் பாப்போம்."

பெண் மூக்குக்கு நேராகத் தூக்கிப் பார்த்தாள். அம்புக்குறி பட்டன் நாலும் வழவழ. ஸ்பேஸ் பட்டனில் ஒரு பள்ளம். "கேம் விளையாடுற வீடு!"

"அடி சக்கை! இது?"

"எழுத்தெல்லாம் ஒரே மாதிரி தேஞ்சிருக்கு. ஆனா எல்லாமே லேசா... எழுத்து வேலை. டைப்பிங் சென்டரா?"

"வக்கீல் ஆபீஸ். கிட்டத்தட்ட சரிதான்."

பெண்ணுக்குக் கண் மின்னியது. அந்த மின்னலை அக்காவுக்குத் தெரியும். அடுத்த கேள்வி வருகிறது என்று அர்த்தம்.

"அத்தை! ரெண்டு காலேஜ் கீபோர்டும் உங்ககிட்ட இருக்கா?"

இருக்காவது! கண்ணாடிக் கல்லூரியில் பார்வையிட மேலிடத்துக் குழு வரும்போதெல்லாம் எல்லாக் கீபோர்டையும் மாற்றச் சொல்வார்கள். பழையதை அக்காவையே எடுத்துக்கொள்ளச் சொல்லிவிடுவார்கள். மாடிக் கல்லூரியில் அந்தப் பேச்சே கிடையாது. அங்கே உடைந்தால்தான் மாற்றுவார்கள், அதுவும் மூன்று தடவை ஒட்டுப் போட்டுப் பார்த்துவிட்டு. இரண்டு மூட்டையும் பரணில் இருந்தன. ஒவ்வொன்றின் முதுகிலும் அக்கா தன் கையால் ஒட்டிய சீட்டு: எந்தக் கல்லூரி, எந்த நம்பர் இடம், எந்தத் தேதி.

மூட்டையை இறக்கினார்கள். தும்மல் ஓய்வதற்கே ஐந்து நிமிஷம் ஆனது.

"இது கண்ணாடிக் காலேஜ்" என்று அக்கா ஒன்றைத் துடைத்துக் காட்டினாள். குரலில் ஒரு பெருமை. "பாரு. நாலு வருஷம் ஓடின கீபோர்டு. புதுசு மாதிரி இல்ல? என் கஸ்டமர்லாம் கண்ணாடிக் காலேஜ் சரக்கு இருந்தா குடுங்கன்னு கேட்டு வாங்குவாங்க. பிள்ளைங்க அவ்வளவு பதவிசா வச்சிருக்கும். அதைப் பாத்துத்தான் நான் உன் அத்தானை அங்க சேத்தேன். பொருளை இப்படிக் காப்பாத்துற இடம் பிள்ளையையும் காப்பாத்தும்னு நெனச்சேன்."

"இது மாடிக் காலேஜா?"

"அய்யோ, அதைக் கேக்காத. கையா உலக்கையான்னு தெரியாது. கொன்னுடுவாங்க."

மாடிக் கல்லூரிக் கீபோர்டுகளில் பாதிக்கு எழுத்தே இல்லை. பெண் ஒவ்வொன்றாகத் தரையில் வரிசையாக வைத்தாள். வலது பக்கம் மாடி, இடது பக்கம் கண்ணாடி. நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். ரொம்ப நேரம் பேசவில்லை. அக்காவுக்கே கொஞ்சம் பயமாகிவிட்டது, இவள் பேசாமல் இருந்தால் என்னவோ கோளாறு.

"அத்தை, இங்க வாங்க. இதெல்லாம் சும்மா தட்டினதில்ல. அரைப்புள்ளி பட்டனைப் பாருங்க. அடைப்புக்குறி ரெண்டும் பாருங்க. சாட் பண்றவங்க யாரு அடைப்புக்குறி போடுவா? இது ப்ரோக்ராம் எழுதினவங்க கை. எங்க ஸ்கூல் லேப்ல எழுதும்போது எனக்கு விரல் வலிச்சதே இந்தப் பட்டனாலதான்."

"சரி."

"இன்னொண்ணு. எல்லாத்தையும்விட அதிகமா தேஞ்சிருக்கிறது எது?"

அக்கா மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தாள். மேலே வலது மூலையில் நீளமாக ஒரு பட்டன். பேக்ஸ்பேஸ். அடித்ததை அழிக்கிற பட்டன். ஒன்றில் அது கழன்றே போய், யாரோ அட்டையை வெட்டி ஒட்டியிருந்தார்கள்.

"காப்பியடிக்கிறவனுக்கு அழிக்க வேண்டிய வேலையே இல்லத்தை. இருக்கிறதை எடுத்து ஒட்டிட்டுப் போய்டுவான். தப்பா எழுதி, அழிச்சு, திரும்ப எழுதுறவங்களுக்குத்தான் இது தேயும்."

அக்காவுக்குச் சுருக்கென்றது. முப்பது வருஷமாகக் கீபோர்டைத் திறந்து மூடுகிறாள். இது அவளுக்குத் தோன்றவில்லையே! ரிப்பேர்காரிக்குத் தேய்மானம் என்றால் பழுது. பழுது இல்லாவிட்டால் நல்லது. அதற்கு மேல் அவள் யோசித்ததே இல்லை.

"அப்போ கண்ணாடிக் காலேஜ்ல என்னதான் கெட்டுப்போகும்? நீங்க எதுக்கு அங்க மாசா மாசம் போறீங்க?"

"ப்ரிண்டருக்கு. அது வாராவாரம் படுத்துக்கும். அப்புறம் மவுஸ். டஜன் டஜனா மாத்தியிருக்கேன்." சொல்லிக்கொண்டே வந்த அக்கா நிறுத்தினாள். யாரோ எழுதி வைத்ததைத் திறக்க மவுஸ், அச்செடுக்க ப்ரிண்டர். நடுவில் எழுதுவதற்கு என்ன இருக்கிறது?

"அந்தக் காலேஜ்ல ஒழுங்கா உழைச்சுப் பாஸானது ப்ரிண்டர் ஒண்ணுதான் போல" என்று பெண் சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை.

"சும்மா வாய்க்கு வந்ததைப் பேசாத. எல்லாரையும் அப்படிச் சொல்லிட முடியுமா? உன் அத்தான் படிச்ச இடம் அது. இரு, காட்டுறேன்."

அக்கா எழுந்து அலமாரியைத் திறந்தாள். மேல் தட்டில், ஸ்க்ரூ டப்பாக்களுக்குப் பின்னால், பிளாஸ்டிக் உறையில் சுற்றிய ஒரு கீபோர்டு. முதுகில் சீட்டு: கண்ணாடி, இருபத்து மூன்று. மகன் மூன்று வருஷமும் உட்கார்ந்த இடம். ரோல் நம்பர் வரிசைப்படி இடம், மாறவே மாறாது. ஏசி காற்று நேராகத் தலையில் அடிக்கிறது என்று அவன் புலம்பாத நாள் இல்லை. அவன் படிப்பை முடித்த மாதம் கீபோர்டு மாற்றும் வேலை வந்தபோது, இதை மட்டும் அக்கா விற்கவில்லை. பரம்பரையிலேயே முதல் பட்டதாரி தட்டின கீபோர்டு. யாருக்காவது விற்பாளா?

உறையைப் பிரித்துப் பெண்ணிடம் கொடுத்தாள். பெண் வாங்கினாள். பார்த்தாள். திருப்பிச் சீட்டைப் பார்த்தாள். மறுபடி முன்பக்கம் பார்த்தாள். அத்தை கையிலேயே திரும்பக் கொடுத்துவிட்டாள்.

எழுத்து ஒவ்வொன்றும் அச்சடித்த அன்றைக்கு இருந்த மாதிரியே இருந்தது. அரைப்புள்ளி அப்படியே. அடைப்புக்குறி அப்படியே. பேக்ஸ்பேஸின் மேல் தொழிற்சாலையில் விட்ட அந்தச் சொரசொரப்புகூடப் போகவில்லை. அக்கா கட்டைவிரலால் தடவினாள். இன்னொரு தடவை தடவினாள். இத்தனை நாள் துடைத்துத் துடைத்து வைத்தது இதைத்தானா?

"அவனுக்கு மெதுவா தட்டுற கைடி" என்றாள். அவளுக்கே அது நம்பும்படியாக இல்லை.

"அத்தை, இது மட்டும் வேற மாதிரி இருக்கு" என்று பெண் பேச்சை மாற்றப் பார்த்தாள். கண்ணாடிக் கல்லூரி மூட்டையின் அடியிலிருந்து ஒன்றை உருவி எடுத்திருந்தாள். எழுத்து பாதி இல்லை, அடைப்புக்குறி இல்லை, பேக்ஸ்பேஸ் நடுவில் குழி. மாடிக் கல்லூரிச் சாமான் தவறி விழுந்துவிட்டதோ என்று அக்கா சீட்டைப் பார்த்தாள். கண்ணாடி, நாற்பத்து ஒன்று.

அந்த லேபின் அறுபது இடத்தில் ஒரே ஒரு இடம். யார் அது?

சாயந்திரம் மகன் வந்தான். "கூப்பிடுறோம்னு சொன்னாங்கம்மா" என்றான், சட்டையைக் கழற்றி மாட்டினான், போனை எடுத்துக்கொண்டு படுத்தான். அக்கா எதுவும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமோ என்று பயம்.

வியாழக்கிழமை காலையில் முதல் வேலையாக அக்கா பையைத் தூக்கிக்கொண்டு கண்ணாடிக் கல்லூரிக்குப் போனாள். ப்ரிண்டரைப் பார்க்க வந்தேன் என்றால் அங்கே யாரும் காரணம் கேட்க மாட்டார்கள். லேபில் ஜில்லென்று ஏசி. வகுப்பு ஏதோ நடந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் இருக்கையில் இருந்தார்கள், போனும் கையில் இருந்தது. கடைசி வரிசை மூலையில், பிள்ளைகள் யாருக்கும் ஒதுக்காத நாற்பத்து ஒன்றாம் இடத்தில், லேபைப் பார்த்துக்கொள்ளும் பெண் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தாள். இருபத்தெட்டு வயது இருக்கும். சாவிக்கொத்து இடுப்பில். ஏதோ ஒரு வரியை வாய்க்குள் முணுமுணுத்து, அடித்து, "ம்ஹும்" என்று தலையாட்டி, பேக்ஸ்பேஸை டக்டக்டக்கென்று பத்துத் தடவை தட்டினாள்.

அக்கா எத்தனையோ தடவை அவளிடம் சாவி வாங்கியிருக்கிறாள். என்ன தட்டுகிறாள் என்று ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை.

"என்னம்மா வேலை ஓடுது?"

"வாங்கக்கா! ப்ரிண்டர் மறுபடியும் மக்கர்." அவள் திரும்பிச் சிரித்தாள். "இதுவா? கடைசி வருஷப் பிள்ளைங்க ப்ராஜெக்ட். திங்கட்கிழமை தரணும். ஒண்ணு செஞ்சா அதையே நாலு பேருக்கு நாலு மாதிரி மாத்தணும். ஒரே மாதிரி இருந்தா பிடிச்சுடுவாங்கல்ல."

"நீயா செய்யுற?"

"வேற யாரு? முதல்ல ஒரு பொண்ணு அழுதுச்சு, ஓட மாட்டேங்குதுன்னு. போனாப் போகுதுன்னு சரிபண்ணிக் குடுத்தேன். அப்புறம் அதுவே வழக்கமாப் போச்சு. சாருங்களும் கண்டுக்கிறதில்ல, எல்லாம் நேரத்துக்கு முடிஞ்சாச் சரின்னு விட்டுட்டாங்க. ஆறு வருஷம் ஆச்சு. ஆரம்பத்துல எனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா. தப்பு வர வர ஏன் வருதுன்னு பாக்கத் தோணும். இப்போ எந்தப் பாடம்னாலும் கை தானா போகும்."

"நீ என்ன படிச்சிருக்க?"

"பள்ளிக்கூடத்தோட சரி." அவள் அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். "எனக்கும் சேத்து இவங்க வாங்கிடுறாங்க பட்டம்."

கேட்காமல் திரும்பியிருக்கலாம். அக்காவின் கால் நகரவில்லை. தெரிந்துகொள்ளாமல் போனால் தூக்கம் வராது. ஒரு சாமான் ஏன் ஓடவில்லை என்று பார்க்காமல் அவளுக்கு மூடி வைக்கத் தெரியாது.

"ரெண்டு வருஷம் முன்னாடி இருபத்து மூணாம் இடத்துல ஒரு பையன் இருந்தானே. ஒல்லியா."

"ஏசி காத்து ஆகாதுன்னு துண்டு சுத்திட்டு உட்காருவானே? நல்ல பையன். எனக்கு டீ வாங்கியாந்து குடுப்பான். அவனோடது நூலகப் புத்தகக் கணக்கு ப்ராஜெக்ட். அது ரொம்ப நல்லா வந்துச்சுக்கா, எனக்கே பிடிச்சுது. தேடுற பக்கம் மட்டும் மூணு நாள் மண்டையை உடைச்சேன். அதுக்கு முழு மார்க்கு வாங்கினான். ஏன்க்கா, உங்களுக்குத் தெரிஞ்சவனா?"

"என் பையன்."

அந்தப் பெண்ணின் முகம் செத்துவிட்டது. சாவிக்கொத்தைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, நான் எதுவும்... தப்பா எடுத்துக்காதீங்க..."

"உன்மேல எனக்கு என்னம்மா கோபம்" என்றாள் அக்கா. நிஜமாகவே அவள்மேல் கோபம் இல்லை. அந்த முழு மார்க் வந்த அன்றைக்குத் தெரு முழுக்க இனிப்புக் கொடுத்தது ஞாபகம் வந்தது. அதில் ஒரு துண்டு இவளுக்கல்லவா வந்திருக்க வேண்டும்? ப்ரிண்டரைச் சரிசெய்துவிட்டு வெளியே வந்தபோது கண்ணாடிச் சுவரில் தன் உருவம் தெரிந்தது. அக்கா பார்க்காமல் நடந்தாள்.

பஸ்ஸில் வரும்போது கோபம் பொத்துக்கொண்டு வந்தது. முதலில் மகன்மேல். இந்தக் கழுதை மூன்று வருஷம் துண்டு சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்ததா? வீட்டுக்குப் போய் உரித்துத் தொங்கவிட வேண்டும் என்று பல்லைக் கடித்தாள். நாலு நிறுத்தம் தாண்டியதும் கோபம் பாதி திரும்பித் தன்மேலேயே வந்தது. மாடிக் கல்லூரியிலும் அவனுக்கு இடம் கிடைத்ததே. அவனும் அங்கேதானே போகிறேன் என்றான்? "அங்க எல்லாம் உடைச்சுப் போட்டிருக்காங்கடா" என்று இழுத்துக்கொண்டு வந்து கண்ணாடியில் தள்ளியது யார்? தேய்ந்த கீபோர்டைப் பார்த்து முகம் சுளித்தவள், தேயாத கீபோர்டைப் பார்த்து மயங்கினவள். முப்பது வருஷத் தொழில், த்தூ!

கடையில் மகன்தான் இருந்தான். தம்பி மகள் மாடிக் கல்லூரியை ஒரு தடவை நேரில் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போயிருந்தாள். அக்கா பையை இறக்கினாள். அலமாரியிலிருந்து இருபத்து மூன்றை எடுத்து மகன் முன்னால் வைத்தாள்.

"என்னம்மா இது?"

"நீ மூணு வருஷம் படிச்ச படிப்பு."

அவன் சீட்டைப் பார்த்தான். பட்டன்களைப் பார்த்தான். எல்லாக் கழுதைகளும் முதலில் செய்கிற மாதிரி அவனும் ஒரு பொய்யைத் தேடினான். கிடைக்கவில்லை போலிருக்கிறது. தலையைக் குனிந்துகொண்டான்.

"நாற்பத்து ஒண்ணாம் நம்பர் பொண்ணைப் பாத்துட்டு வர்றேன்" என்றாள் அக்கா.

அவன் கீபோர்டைத் தள்ளிவைத்தான். "யாரும் கூப்பிடுறோம்னு சொல்லலம்மா. ஏழு இடத்துலயும் ஒரே மாதிரிதான். பட்டத்தைப் பாத்து உள்ள விடுறாங்க. கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார வச்சு, சின்னதா ஒண்ணு எழுதுங்கன்னு சொல்றாங்க. எனக்கு என்ன பண்ணணும்னு தெரியும்மா, படிச்சிருக்கேன், பரீட்சைல எழுதினேன். ஆனா திரையில ஒரு தப்பு வந்தா அங்கேயே நின்னுடுறேன். அதுக்கு அப்புறம் என்ன பண்ணுவாங்கன்னு நான் பாத்ததே இல்ல." மூக்கை உறிஞ்சினான். "நேத்து அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு வரிகூட அடிக்கல."

அக்கா அடிக்கத்தான் கையை ஓங்கினாள். கை அவன் தலையில் போய் உட்கார்ந்து அப்படியே இருந்துவிட்டது. பக்கத்து ஜெராக்ஸ்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, இது தன் வேலை இல்லை என்று தெரிந்து பின்வாங்கினார்.

இனி தம்பிக்கு என்ன சொல்வது? அதுதான் அக்காவை அரித்தது. கண்ணாடி வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பான். அவனும் அந்த 'ஏன்' பெண்ணைப் பெற்றவன்தானே? காரணம் சொன்னால் மகன் மானம் குடும்பம் முழுக்கக் கப்பலேறும். சொல்லாமல் மழுப்பினால் தம்பி தன் இஷ்டத்துக்குக் கண்ணாடியில் சேர்த்துவிடுவான். தம்பி மகளின் மூன்று வருஷம் இன்னொரு பிளாஸ்டிக் உறைக்குள் போய்விடும்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குப் போன் அடித்தது. கடையில் மூன்று பேரும் இருந்தார்கள். பெண் இரண்டு விண்ணப்பத்தையும் மேசைமேல் வைத்துக்கொண்டு, அத்தை முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு மனசு மாடியில்தான். நேற்று அங்கே ஃபேன் கிறீச்சிடும் லேபில் இரண்டு பிள்ளைகள் ஒரே திரையைப் பார்த்து மூச்சுவிடாமல் சண்டை போட்டதைப் பார்த்துவிட்டு வந்து ஒரு மணி நேரம் சொல்லியிருக்கிறாள். ஆனால் அப்பா அத்தை சொன்னால்தான் கேட்பார். அத்தானைப் பற்றி அப்பாவிடம் சொல்லுங்கள் என்று அத்தையிடம் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.

அக்கா ஸ்பீக்கரைப் போட்டாள்.

"என்னக்கா, ஒரு மணி நேரம்தான் இருக்கு. கண்ணாடிக் காலேஜ்தானே? முடிச்சுடலாமா?"

"தம்பி... அது வந்து... மாடிக் காலேஜே போதும்னு தோணுது."

"என்னக்கா சொல்ற! அந்தப் பாத்திரக்கடை மாடியா? உன் பையனை மட்டும் ஏசில படிக்க வச்ச, என் பொண்ணுக்கு அது போதுமா?"

அதைச் சொல்லியிருக்க வேண்டாம். சொல்லிவிட்டான். அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

மகன் எழுந்து வந்து போனை எடுத்தான்.

"மாமா, நான் பேசுறேன். நான் படிச்ச காலேஜ் வேணாம் மாமா."

"ஏன்டா மாப்பிள்ளை? நீயே இப்படிச் சொன்னா எப்படி? முதல் வகுப்பு வாங்கினவன் நீ."

"வாங்கினேன் மாமா. என் ப்ராஜெக்டை லேப் சாவி வச்சிருக்கிற அக்கா பண்ணிக் குடுத்தாங்க. லேப் ரெக்கார்டு நோட்டும் அவங்கதான் எழுதினாங்க. எனக்கு மட்டுமில்ல, எல்லாருக்கும். எனக்கு வேலை கிடைக்காதது நேரம் சரியில்லாததால இல்ல. எனக்கு வேலை தெரியாது மாமா." அவன் குரல் உடைந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. "அம்மா எனக்காகச் சொல்லாம இருக்காங்க. நீங்க அவளை மாடிக் காலேஜ்ல சேருங்க. அங்க தப்பு பண்ண விடுறாங்க."

அந்தப் பக்கம், கிடங்கில் யாரோ லாரியைப் பின்னால் எடுக்கச் சொல்லிக் கத்துவது மட்டும் கேட்டது.

"சரிடா" என்றான் தம்பி கடைசியில். "அவளைக் கையெழுத்துப் போடச் சொல்லு." கொஞ்சம் நிறுத்தி, "நீ சாப்ட்டியா?" என்று கேட்டான். மகனுக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

பெண் ஒரு விண்ணப்பத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள். இன்னொன்றில் கையெழுத்துப் போட்டுக்கொண்டு மாடிக் கல்லூரிக்கு ஓடினாள். போகும்போது, "அத்தான், வாராவாரம் சனிக்கிழமை வருவேன். எனக்கு வர்ற சந்தேகத்தையெல்லாம் உங்ககிட்டதான் கேப்பேன், தயாரா இருங்க" என்று ஒரு குண்டைப் போட்டுவிட்டுப் போனாள்.

அவளைப் பற்றித் தெரிந்த யாருக்கும் அது சாதாரண மிரட்டல் இல்லை. மகன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். தடுப்புக்குப் பின்னால் போய், அக்கா உயிர்ப்பித்து வைத்திருந்த கம்ப்யூட்டர்களில் ஒன்றைக் கிளப்பினான். திரும்பி வந்து, மேசைமேல் கிடந்த இருபத்து மூன்றாம் நம்பரை எடுத்துக்கொண்டு உள்ளே போனான்.

அக்கா ஒரு சர்க்யூட் போர்டைக் கவிழ்த்துப் போட்டு, ஈயம் பற்றவைக்க உட்கார்ந்தாள். காது மட்டும் தடுப்புக்குப் பின்னால் இருந்தது. எந்தப் பட்டன் என்று சத்தத்தை வைத்தே அவளுக்குத் தெரியும். சின்னப் பட்டன்கள் கொஞ்ச நேரம். அப்புறம் மௌனம். ரொம்ப நீளமான மௌனம். எழுந்து போய்ப் பார்க்கலாமா என்று அக்கா பற்றவைக்கும் கோலைக் கீழே வைத்தாள்.

டக். டக்டக்டக்டக். மேலே வலது மூலையில் இருக்கும் நீளப் பட்டன். மறுபடி சின்னப் பட்டன்கள். மறுபடி டக்டக்டக்.

மத்தியானம் வரைக்கும் அது ஓயவில்லை. ஜெராக்ஸ்காரர் பொறுக்க முடியாமல் தலையை நீட்டினார்.

"என்னக்கா, பட்டதாரி உள்ள என்ன பண்றான்? இந்தத் தட்டு தட்டினா கீபோர்டு கெட்டுப்போயிடாது?"

"கெடட்டும்" என்றாள் சர்வீஸ் அக்கா.